தாத்தாக்களின் வெண்ணெய்

சோவியத் ராணுவத்தின் பாரக்ஸ்களில் ஒரு பழக்கம் இருந்தது. பணிக்காலம் முடியப்போகிற சிப்பாய், விடுவிப்பு ஆணை வெளிவர நூறு நாட்கள் இருக்கும்போது, தன் தட்டில் வைக்கப்படும் வட்டமான வெண்ணெய்த் துண்டைச் சாப்பிட மாட்டான். புதிதாக வந்திருக்கும் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவான். கொடுப்பவனுக்கு அங்கே ‘தேத்’ என்று பெயர். ரஷ்ய மொழியில் தாத்தா. அந்தத் தாத்தாவுக்கு வயது 20 இருக்கும். வெண்ணெயை வாங்கிக்கொள்பவனுக்கு 18.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு ‘பரவாயில்லையே’ என்றுதான் தோன்றியது. ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் சின்னப் பையனுக்குக் கொடுக்கிறான், நல்ல மனசு. அடுத்த பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. அதுவரை அந்தப் பையனின் தட்டிலிருந்து வெண்ணெயை எடுத்துத் தின்றுகொண்டிருந்தவனும் இதே தாத்தாதான். வெண்ணெய், சர்க்கரை, இறைச்சித் துண்டு, வீட்டிலிருந்து வந்த பார்சல், அம்மா அனுப்பிய பணம் எல்லாம்.

இந்த ஏற்பாட்டுக்கு ரஷ்ய மொழியில் ‘தெதோவ்ஷினா’ என்று பெயர். தாத்தாத்தனம் என்று தமிழ்ப்படுத்தலாம். அரசாங்க ஆவணங்களில் இந்தச் சொல் வராது. ‘விதிமுறைக்குப் புறம்பான உறவுகள்’ என்றுதான் எழுதுவார்கள். ஒரு பையனின் தலையில் ஸ்டூலால் அடிப்பதும் அதிகாரபூர்வ மொழியில் ஒரு வகை உறவுதான்.

நான் ராணுவத்தில் இருந்தவனில்லை. கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் சில வருடங்களாக இந்தத் தாத்தாக்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று பார்ப்போம்.

*

1967 அக்டோபரில் சோவியத் யூனியன் புதிய கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பார்த்தால் நல்ல சட்டம். தரைப்படையில் மூன்று வருடமாக இருந்த சேவைக்காலம் இரண்டாகக் குறைந்தது. கடற்படையில் நான்கு, மூன்றானது. சேர்ப்பு வயது 18 ஆனது. இன்னொரு மாற்றமும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை நடந்துவந்த ஆள்சேர்ப்பு, வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை என்று இரண்டானது.

இதை ஒரு சிஸ்டம் டிசைன் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட சேவை, ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பேட்ச். எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் ஒரே பாரக்ஸில் நான்கு அடுக்கு ஆட்கள் இருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே பதவி, ஒரே உடை. ராணுவ விதிப்புத்தகத்தின்படி அவர்களுக்குள் மேலும் இல்லை கீழும் இல்லை. ஆனால் பாரக்ஸில் அந்த நான்கு அடுக்குக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அச்சு ஒன்றுதான். முதல் ஆறு மாதம் ‘தூக்’, அதாவது ஆவி. அவன் இருக்கிறான், ஆனால் மனிதக் கணக்கில் இல்லை. பிறகு ‘யானை’ என்பார்கள், சுமப்பவன். மூன்றாவது அரையாண்டில் ‘அகப்பை’. கடைசியில் தாத்தா. விடுவிப்பு ஆணை வெளியான பிறகு அவன் ‘தெம்பெல்’, ஊருக்குக் கிளம்புகிறவன், கிட்டத்தட்ட கடவுள்.

யார் எந்த அடுக்கு என்பதை இடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆவியின் பெல்ட் மூச்சு முட்ட இறுகியிருக்க வேண்டும், காலர் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். தாத்தாவின் பெல்ட் தொளதொளவென்று தொங்கும், கொக்கி திறந்திருக்கும். சோவியத் சிப்பாய் தினமும் சட்டைக் காலரின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் துணிப் பட்டையைத் தைத்துக்கொள்ள வேண்டும். தாத்தாவின் பட்டையைத் துவைத்துத் தைப்பது ஆவியின் வேலை. படுக்கையை விரிப்பது, தரையைத் துடைப்பது, நடு ராத்திரியில் சிகரெட் தேடிக் கொண்டுவருவது, ஊருக்கு எடுத்துப்போகும் போட்டோ ஆல்பத்தை ஜோடித்துக் கொடுப்பது எல்லாம் அவன்தான். ஆணைக்கு இன்னும் எத்தனை நாள் என்று தாத்தா எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் நாக்கில் இருக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் அடி.

ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததற்கு ஏறுவதற்கும் சடங்கு உண்டு. எத்தனை மாதம் முடித்தானோ அத்தனை அடி, பெல்ட்டின் பித்தளைப் பூண் பக்கத்தால். ஆனால் கடைசிப் படி ஏறும்போது அவனை வெறும் நூலால் அடிப்பார்கள், அதுவும் முதுகில் தலையணையை வைத்து. கட்டிலுக்கு அடியில் ஒரு ஆவியைப் படுக்கவைத்திருப்பார்கள். மேலே நூல் விழும்போதெல்லாம் கீழே இருக்கிறவன் வலியில் கத்த வேண்டும். பலரும் நினைவுகூர்ந்திருக்கிற சடங்கு இது. சிரிப்புக்காகச் செய்ததுதான். எனக்கு மட்டும் இதைப் படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மொத்த ஏற்பாட்டையும் இதைவிடச் சுருக்கமாக யாராலும் நடித்துக் காட்ட முடியாது.

*

அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சாயங்காலம் ஆனதும் வீட்டுக்குப் போனார்கள்.

இது கிண்டல் இல்லை, அமைப்பின் பிரச்சினை. பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளில் சார்ஜென்ட் என்பவர் பல வருடம் சர்வீஸ் போட்ட தொழில்முறை ஆள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் நடுவே நிற்பவர் அவர்தான். சோவியத் படையில் சார்ஜென்டும் கட்டாய சேவைக்கு வந்த பையனேதான். சில மாதப் பயிற்சி முடித்துப் பட்டை குத்திக்கொண்டு வந்த 19 வயதுக்காரன், நூறு பேர் தூங்கும் கூடத்தில் ராத்திரி யாரை அடக்குவான்? அந்த வெற்றிடத்தில் தாத்தாக்கள் உட்கார்ந்தார்கள். அதிகாரிக்கும் அது வசதி. காலையில் வந்து பார்த்தால் தரை பளபளக்கிறது, படுக்கைகள் நூல் பிடித்ததுபோல் இருக்கின்றன. யார் துடைத்தது, எப்படித் துடைக்கவைத்தார்கள் என்று ஏன் கேட்க வேண்டும்?

அதற்காக, தொழில்முறை சார்ஜென்ட் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் மரைன் பயிற்சி முகாமில், ஒரு பயிற்சியாளர் தன் பிளட்டூனை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லி இரவில் ரிப்பன் க்ரீக் என்ற ஓடைக்குள் இறக்கினார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அங்கே அடிப்பவருக்குப் பதவி இருந்தது. சோவியத் பாரக்ஸில் அடிப்பவனுக்குப் பதவி இல்லை, தேதி மட்டும் இருந்தது. அவன் உனக்கு முன்னால் வந்தவன், அவ்வளவுதான் அவன் தகுதி.

ரஷ்யாவுக்கு இது புதிதும் அல்ல. அராஜகவாதச் சிந்தனையாளர் பீட்டர் கிரபோட்கின் 1857-ல் பீட்டர்ஸ்பர்க்கின் பிரபுக்குலப் பிள்ளைகளுக்கான ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். மேல்வகுப்பு மாணவர்கள் சின்னவர்களைச் சுற்றி ஓடவிட்டு அடித்ததையும், பள்ளியை நடத்திய கர்னல் அதைத் தெரிந்தே விட்டுவைத்திருந்ததையும் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஜார் போனார், புரட்சி வந்தது, உலகப்போர் வந்துபோனது. பழக்கம் எங்கோ மிச்சம் இருந்திருக்கிறது. 1967 சட்டம் அதற்கு ஒரு காலண்டரைத் தைத்துக் கொடுத்தது. மூன்று வருடம் கழித்தவர்கள் இருந்த இடத்துக்கு இரண்டே வருடத்தில் வீட்டுக்குப் போகப்போகிற பையன்கள் வந்து இறங்கியபோது எழுந்த எரிச்சலும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

*

இப்போது என் கதை.

2006-ல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்து அப்போதே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் சீனியரால் கொலை செய்யப்பட்ட பிறகு வந்த சட்டம். எங்கள் ஹாஸ்டல் வாசலில் அந்தச் சட்டத்தைச் சொல்லும் போர்டு இருந்தது. போர்டுக்குப் பத்தடி தள்ளி சீனியர் ஒருவர் நின்றுகொண்டு, “டேய், மூணாவது பட்டனப் பாருடா” என்றார்.

சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்தபடிதான் ஜூனியர் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், பேச வேண்டும். தலை தூக்கினால் அறை. சட்டைக் கையை மடக்கக் கூடாது. வாட்ச் கட்டக் கூடாது. சோவியத் பையனின் இறுகிய பெல்ட்டைப் பற்றிப் படித்தபோது என் கை தானாக மூன்றாவது பட்டனைத் தொட்டது. பதினைந்து வருடம் கழித்தும்.

எனக்குப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அறைகள், ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு, துணி துவைத்தது, சொல்ல முடியாத சில விஷயங்கள். செல்யாபின்ஸ்க் பையனுக்கு நடந்ததன் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை. அந்தப் பையனிடம் பிறகு வருகிறேன். நான் சொல்ல வந்தது முதல் வருடத்தைப் பற்றி இல்லை, இரண்டாவது வருடத்தைப் பற்றி.

2007 ஆகஸ்டில் புது பேட்ச் வந்து இறங்கிய அன்றைக்கு நாங்கள் ஆறு பேர் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். பெட்டி, பக்கெட், அப்பா, அம்மா. ஒருவன் ரொம்ப ஒல்லி. சட்டை முழங்கை வரை மடக்கியிருந்தான். “இவன் கைய மடக்கிட்டு வர்றான் பாரு” என்றேன். நான்தான் சொன்னேன். அன்று ராத்திரி அவனை எங்கள் ரூமுக்கு வரவழைத்ததும் நான்தான். விடியும்வரை அவன் நின்றான். நடுவில் ஒருமுறை அழுதான். எனக்குக் கோபமே வரவில்லை, வெறுப்பும் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் புரியாமல் இருந்த விஷயம். எனக்குள் இருந்தது ஒரு கணக்கு. நான் நின்றேன், இப்போது இவன் நிற்கிறான், கணக்கு நேராகிறது.

சோவியத் பாரக்ஸ்களைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது. ஆவிகள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்று வெளியிலிருந்து கேட்பார்கள். புதியவர்களும் தாத்தாக்களும் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் முதல் ஆறு மாதம் அடி வாங்கியவன் கையில் ஒரு சேமிப்பு சேர்ந்துவிடுகிறது. வாங்கிய ஒவ்வொரு அடியும் வரவேண்டிய பாக்கி. இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் வசூல் ஆகும். இந்த நேரத்தில் யாராவது வந்து ‘இனி யாரும் யாரையும் அடிக்க வேண்டாம்’ என்று சொன்னால் அவனுக்கு நட்டம். சீட்டுக்குப் பாதி கட்டிய பிறகு சீட்டுக் கம்பெனியை மூடச் சொல்வது மாதிரி. ஆகவே அமைப்பைக் காப்பாற்றுபவன் தாத்தா மட்டும் அல்ல. அதில் பாதி கட்டிவிட்ட அகப்பையும் யானையும் அதைவிட உறுதியாகக் காப்பாற்றுவார்கள்.

இந்த வசூலில் இன்னொரு கோளாறும் உண்டு. நமக்குக் கடன்பட்டவன் எப்போதோ ஊருக்குப் போய்விட்டான். வசூலிப்பது ஒன்றுமே வாங்காத ஒருவனிடம்.

*

பல வருடம் இதைப் பற்றி வெளியே பேச்சே கிடையாது. யூரி பொல்யகோவ் என்ற எழுத்தாளர், தானே ராணுவத்தில் இருந்தவர், 1980-ல் ‘ஆணைக்கு நூறு நாட்கள் முன்’ என்ற குறுநாவலை எழுதினார். தணிக்கை விடவில்லை. ஏழு வருடம் கழித்து, கோர்பச்சேவ் காலத்தில், 1987-ல் ‘யூனஸ்த்’ இதழில் வெளியானது.

அதே 1987-ல் பிப்ரவரி 23 அன்று, சோவியத் ராணுவ தினத்தில், கைதிகளை ஏற்றிச் செல்லும் ரயிலில் காவல் பணியில் இருந்த ஒரு லிதுவேனியப் பையன் தன்னோடு பயணித்தவர்களைச் சுட்டான். எட்டுப் பேர் இறந்தார்கள். அவனைத் தொடர்ந்து கொடுமைப்படுத்தியிருந்தார்கள் என்று தெரியவந்தது. அவன் மனநிலை சிதைந்தது. லிதுவேனியாவில் அவன் பெயர் ஒரு குற்றவாளியின் பெயராக மட்டும் இருக்கவில்லை. ‘நம் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறோம்’ என்ற கேள்வியாக மாறியது.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்கள் அம்மாக்கள். 1989-ல் மரியா கிர்பாசவா முதலானோர் சிப்பாய்த் தாய்மார் குழுவைத் தொடங்கினார்கள். படிப்பின் நடுவே ராணுவத்துக்கு இழுக்கப்பட்ட மாணவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் போராடினார்கள். ஏறத்தாழ 1,80,000 பேர் முன்கூட்டியே வீடு திரும்பினார்கள். பிறகு பாரக்ஸிலிருந்து தப்பி ஓடிவந்த பையன்களுக்கு இடம் கொடுத்தார்கள், மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்தார்கள், வழக்குப் போட உதவினார்கள். 1995-ல் செச்சென் போருக்கு எதிராக மாஸ்கோவிலிருந்து குரோஸ்னி நோக்கி நடந்தார்கள். 1996-ல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

ஏன் அம்மாக்களால் முடிந்தது என்பதற்குத் தாய்மை, பாசம் என்றெல்லாம் பதில் சொல்லலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தச் சீட்டில் அவர்கள் பணம் கட்டவில்லை. அவர்களுக்கு இரண்டாம் வருடம் என்று ஒன்று கிடையாது. அப்பாக்களில் பலர் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள். ‘நாங்களும்தான் பட்டோம், அதனால்தான் ஆம்பிளை ஆனோம்’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு கதை இருந்தது. அம்மாக்களிடம் அந்தக் கதை இல்லை.

*

2005-ன் கடைசி இரவு. செல்யாபின்ஸ்க் நகரத்தின் டாங்க் பயிற்சிக் கல்லூரியில் இருந்த ஒரு படைப்பிரிவில், சேவைக்கு வந்து சில மாதமே ஆன ஒரு பையனைப் பல மணி நேரம் குத்துக்காலிட்டு உட்காரவைத்து அடித்தார்கள். கால்களில் ரத்த ஓட்டம் நின்றது. அடுத்தடுத்த நாட்களில் அவன் வலி என்று சொன்னபோது உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. மருத்துவமனைக்குப் போவதற்குள் சதை அழுகிவிட்டது. இரண்டு கால்களையும் பிறப்புறுப்பையும் அகற்ற வேண்டியதாயிற்று. அவனுக்கு 19 வயது.

செய்தியை ராணுவம் வெளியிடவில்லை. மருத்துவமனையிலிருந்து யாரோ உள்ளூர் தாய்மார் அமைப்புக்குச் சொன்னார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த பாதுகாப்பு அமைச்சர் செர்கேய் இவானோவிடம் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, பெரிதாக ஒன்றும் இருக்காது, இருந்திருந்தால் தனக்குத் தெரிந்திருக்கும் என்கிற தொனியில் பதில் சொன்னார். நாடு கொதித்தது. 2006 செப்டம்பரில் ஜூனியர் சார்ஜென்ட் ஒருவருக்கு நான்கு வருடச் சிறை கிடைத்தது. அந்த மாதம் நான் ஹாஸ்டலில் மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ரஷ்யா செய்த காரியத்தில் ஒரு பொறியாளனாக எனக்கு ஆர்வம் உண்டு. 2007-ல் சேர்ந்தவர்களுக்குச் சேவைக்காலம் 18 மாதம். 2008 முதல் 12 மாதம். நான்கு அடுக்கு இரண்டானது. தாத்தா ஆகக் காத்திருக்க நேரமே இல்லை. பழைய சடங்குகளும் பட்டப்பெயர்களும் மங்கத் தொடங்கின. மனிதர்களின் குணத்தைத் திருத்த முடியாவிட்டாலும் காலண்டரைத் திருத்த முடிந்தது.

ஆனால் முழுக்க நிற்கவில்லை. 2019 அக்டோபர் 25 அன்று சைபீரியாவின் சபைகால் பகுதியில், கோர்னி என்ற இடத்தில், 20 வயதுச் சிப்பாய் ஒருவன் காவல் மாற்றும் நேரத்தில் எட்டுப் பேரைச் சுட்டுக்கொன்றான். இறந்தவர்களில் அதிகாரிகளும் இருந்தார்கள். தன்னைக் கொடுமைப்படுத்தினார்கள், மிரட்டினார்கள் என்றான். அவனைத் துன்புறுத்தியதாக ஒருவருக்கு இரண்டு வருடம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அவனுக்கு 24 வருடம் ஆறு மாதம்.

தாய்மார்களின் கதையும் நல்லபடியாக முடியவில்லை. உக்ரைனில் ரஷ்யச் சிப்பாய்கள் இறப்பதைப் பற்றிப் பேசிய பீட்டர்ஸ்பர்க் தாய்மார் அமைப்பை 2014-ல் ‘அந்நிய ஏஜென்ட்’ என்று அறிவித்தார்கள். 2021-ல் ராணுவத் தகவல்களைத் திரட்டுவதற்கு உளவுத்துறை விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, சிப்பாய்களின் புகார்களை எடுத்துக்கொள்வதையே அந்த அமைப்பு நிறுத்திக்கொண்டது. வரிசைக்கு வெளியே நின்று கத்தியவர்களை அமைதியாக்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த பிப்ரவரியில் போர்.

*

போன வருடம் பெங்களூரில் ஒரு பழைய மாணவர் சந்திப்பு. சட்டையை மடக்கியிருந்த அந்த ஒல்லிப் பையன் வந்திருந்தான். இப்போது ஒல்லியாக இல்லை. பெரிய கம்பெனியில் மேனேஜர். என்னைப் பார்த்ததும் “அண்ணா!” என்று கட்டிப்பிடித்தான்.

நான் பல நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். அந்த ராத்திரிக்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான்.

“அட விடுங்கண்ணா. அதெல்லாம் ஜாலிதான. இப்ப நெனச்சா காமெடியா இருக்கு. அடுத்த வருஷம் நாங்களும் பண்ணோம்ல.”

என்ன பண்ணீங்க என்று கேட்டேன். சொன்னான். நாங்கள் செய்ததைவிட ஒரு படி கூடுதல். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவன் விடியும்வரை நிற்கவைத்த பையனின் பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“ஞாபகம் இல்லண்ணா” என்றான்.